கூடுதல் தேர்வுப் பாடமாகச் செவ்வியல் நாகரிகம் (இங்கிலாந்து)

செவ்வியல் நாகரிகம் என்பது பண்டைய கிரேக்க, உரோமானிய உலகின் இலக்கியம், கலை, சமயம், அரசியல், சிந்தனை ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே கற்பிக்கும் பள்ளிப் பாடமாகும். இங்கிலாந்தில் இது ஜிசிஎஸ்இ, ஏ லெவல் ஆகிய இரு நிலைகளிலும் பொதுத்தேர்வுப் பாடமாக உள்ளது. எல்லாப் பள்ளிகளிலும் இது கிடைப்பதில்லை. ஆகவே பல மாணவர்கள் வழக்கமான பாடங்களுக்கு மேல் ஒன்றாக இதை எடுக்கிறார்கள். சிலர் பள்ளிக்கு வெளியே படித்துத் தனித்தேர்வராக எழுதுகிறார்கள்.

அப்படிக் கூடுதலாக எடுப்பது நல்லதா, எவ்வளவு உழைப்பு வேண்டும், பல்கலைக்கழக நுழைவுக்கு அது எந்த அளவு உதவும், எப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

தமிழில் 'செம்மொழி' என்று சொன்னால் தமிழ், சமற்கிருதம், கிரேக்கம், லத்தீன், சீனம் எனப் பல மொழிகள் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலக் கல்வி மரபில் 'கிளாசிக்ஸ்' என்ற சொல் நீண்ட காலமாகக் கிரேக்கத்தையும் உரோமையும் மட்டுமே குறித்து வந்திருக்கிறது. இந்தக் குறுகிய பொருளைப் பற்றி அத்துறை அறிஞர்களே இன்று விவாதிக்கிறார்கள். எனினும் பள்ளித் தேர்வில் அந்தப் பொருளே நிலைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் இத்துறையைச் சேர்ந்த தேர்வுப் பாடங்கள் நான்கு. அவை லத்தீன், செவ்வியல் கிரேக்கம், பண்டைய வரலாறு, செவ்வியல் நாகரிகம். முதல் இரண்டும் மொழிப் பாடங்கள். இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கற்க வேண்டும். பண்டைய வரலாறு நிகழ்ச்சிகளையும் சான்றுகளையும் ஆராய்வது. செவ்வியல் நாகரிகத்துக்குக் கிரேக்கமோ லத்தீனோ தெரிய வேண்டியதில்லை. இதனால்தான் கூடுதல் பாடம் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் இதை நோக்கி வருகிறார்கள்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பள்ளித் தேர்வுகளிலும் இத்தகைய பாடம் 'கிளாசிக்கல் ஸ்டடீஸ்' என்னும் பெயரில் உள்ளது. இலங்கையின் க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் 'கிரேக்க, உரோம நாகரிகம்' என்றொரு பாடம் உண்டு. பாடத்திட்டமும் மதிப்பெண் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இக்கட்டுரை இங்கிலாந்தின் முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

தோற்றம்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சேர ஒரு காலத்தில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் லத்தீன் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. அறிவியல் படிக்கப் போகிறவரும் லத்தீன் எழுதித் தேற வேண்டியிருந்தது. 1960 வாக்கில் இந்த விதி நீக்கப்பட்டது. அதன்பின் பள்ளிகளில் லத்தீன் படிப்போர் தொகை விரைவாகக் குறைந்தது.

மொழியைக் கைவிட்ட மாணவர் ஹோமரையும் சோஃபக்ளீஸையும் சேர்த்துக் கைவிட வேண்டுமா என்ற கேள்வி ஆசிரியர்களிடையே எழுந்தது. மொழிபெயர்ப்பில் படிக்கும் பாடமாகச் செவ்வியல் நாகரிகம் 1970களிலிருந்து வளர்ந்தது இந்தச் சூழலில்தான். கட்டணப் பள்ளிகளின் சொத்தாகவே கருதப்பட்ட ஒரு துறையின் வாயிலை அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இது ஓரளவு திறந்துவிட்டது. 2010இல் தொடங்கிய 'கிளாசிக்ஸ் ஃபார் ஆல்' என்னும் அறக்கட்டளை, அரசுப் பள்ளிகள் இத்துறைப் பாடங்களைத் தொடங்க உதவி வருகிறது. பேராசிரியர் எடித் ஹாலும் ஆர்லீன் ஹோம்ஸ்-ஹெண்டர்சனும் நடத்திய இயக்கம் ஒன்றும் இதே நோக்கில் 2017 முதல் பணியாற்றியது.

பாடத்தின் அமைப்பு

இன்று இங்கிலாந்தில் செவ்வியல் நாகரிகத் தேர்வை நடத்துவது ஓசிஆர் என்னும் தேர்வு வாரியம் ஒன்றுதான். முன்பு ஏக்யூஏ வாரியமும் நடத்தியது, பின்னர் நிறுத்திவிட்டது. தற்போதைய பாடத்திட்டம் 2017இல் கற்பிக்கத் தொடங்கப்பட்டது. இரு நிலைகளிலும் செய்முறையோ ஒப்படைப்போ இல்லை. முழு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே.

ஜிசிஎஸ்இ நிலையில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 1 மணி 30 நிமிடம், 90 மதிப்பெண், மொத்தத்தில் 50 விழுக்காடு.

முதல் தாள் கிரேக்கத்தையும் உரோமையும் ஒப்பிடும் கருப்பொருள் தாள். 'தொன்மமும் சமயமும்', 'பண்டைய உலகில் பெண்கள்' ஆகிய இரண்டில் ஒன்றைப் பள்ளி தேர்ந்தெடுக்கும்.

இரண்டாம் தாள் இலக்கியமும் பண்பாடும் பற்றியது. 'ஹோமரின் உலகம்', 'உரோமானிய நகர வாழ்க்கை', 'போரும் போர்முறையும்' ஆகிய மூன்றில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி தொல்பொருள், சமூக வாழ்க்கை, மறுபாதி இலக்கியம்.

ஏ லெவல் நிலையில் மூன்று தாள்கள். மொத்தம் 250 மதிப்பெண்.

முதல் தாள் 'வீரனின் உலகம்'. இது அனைவருக்கும் பொது. 2 மணி 20 நிமிடம், 100 மதிப்பெண், 40 விழுக்காடு. ஹோமரின் இலியட் அல்லது ஒடிசி ஒன்றும், வர்ஜிலின் ஈனிட் காப்பியமும் பாடம்.

இரண்டாம் தாள் பண்பாடும் கலைகளும். 1 மணி 45 நிமிடம், 75 மதிப்பெண், 30 விழுக்காடு. கிரேக்க நாடக அரங்கு, பேரரசர் அகஸ்டஸ் தம்மைப் பற்றி உருவாக்கிய பிம்பம், 'காட்டுமிராண்டி' என்ற கருத்தைக் கிரேக்கர் உருவாக்கிய விதம், கிரேக்கக் கலை ஆகிய நான்கில் ஒன்று.

மூன்றாம் தாள் நம்பிக்கைகளும் கருத்துகளும். இதுவும் 1 மணி 45 நிமிடம், 75 மதிப்பெண், 30 விழுக்காடு. கிரேக்க சமயம், காதலும் உறவுகளும், உரோமக் குடியரசின் கடைசிக் கால அரசியல், ஏதென்ஸ் மக்களின் குடியாட்சி ஆகிய நான்கில் ஒன்று.

கிரேக்க நாடகத்தைத் தேர்ந்தெடுத்தால் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்', யூரிப்பிடீஸின் 'பாக்கே', அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' ஆகிய மூன்று நாடகங்களைப் படிக்க வேண்டும். குடியரசின் கடைசிக் கால அரசியலைத் தேர்ந்தெடுத்தால் சீசர், சிசரோ, கேட்டோ ஆகிய மூவரின் கொள்கைகளும் மோதல்களும் பாடமாகும்.

ஏ லெவல் எடுப்பதற்கு ஜிசிஎஸ்இயில் இப்பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. பதினாறு வயதில் புதிதாகத் தொடங்கலாம்.

தேர்வு எதிர்பார்ப்பது என்ன

'கதைதானே, படித்து எழுதிவிடலாம்' என்று எண்ணி இப்பாடத்தை எடுப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். கதை தெரிந்திருப்பது முதற்படி மட்டுமே. ஒரு கூற்றைக் கொடுத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று நூலிலிருந்தே சான்று காட்டி வாதிடச் சொல்வதுதான் தேர்வின் இயல்பு.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஒடிசியஸ் நல்ல தலைவனா?' என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். கதை மட்டும் தெரிந்தவர் அவன் கெட்டிக்காரன், ஒற்றைக்கண் அரக்கனை ஏமாற்றித் தப்பினான் என்று எழுதுவார். பாடத்தைப் படித்தவர் ஒன்பதாம் காண்டத்தைத் திரும்பப் பார்ப்பார். குகைக்குள் நுழைந்ததும் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோழர்கள் கெஞ்சுகிறார்கள். விருந்தோம்பல் பரிசு கிடைக்கும் என்று எண்ணி ஒடிசியஸ் மறுக்கிறான். ஆறு பேர் அரக்கனுக்கு இரையாகிறார்கள். தப்பிக் கப்பலேறிய பின்னும் தன் பெயரைக் கூவிச் சொல்கிறான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அரக்கன் தன் தந்தையான கடல் தெய்வத்திடம் சாபம் வேண்டுகிறான்.

பத்தாம் காண்டத்தில் லெஸ்ட்ரிகோனியர் துறைமுகத்துக்குள் மற்றக் கப்பல்கள் எல்லாம் நுழைகின்றன. ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே கட்டுகிறான். பன்னிரண்டு கப்பல்களில் பதினொன்று அழிகின்றன. அது முன்யோசனையா, மற்றவர்களை எச்சரிக்கத் தவறிய குற்றமா? இன்னொரு பக்கம், பன்னிரண்டாம் காண்டத்தில் கதிரவனின் மாடுகளைத் தொடாதீர்கள் என்று அவன் தெளிவாகவே எச்சரிக்கிறான். அவன் உறங்கும்போது தோழர்கள் அவற்றைக் கொன்று தின்று அழிகிறார்கள். காப்பியத்தின் தொடக்கமே அவர்கள் தங்கள் மடமையால் மாண்டதாகக் கூறுகிறது.

இந்தச் சான்றுகளை எதிரெதிரே வைத்து, எது கனமானது என்று சொல்லி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். அத்துடன் 'தலைவன்' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளும் ஹோமர் காலத்து வீரன் தன் புகழைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் ஒன்றல்ல என்பதையும் காட்ட வேண்டும். ஏ லெவல் தாள்களின் 30 மதிப்பெண் கட்டுரைகளில் தற்கால அறிஞர்களின் கருத்துகளையும் எடுத்து ஆராய வேண்டும். அறிஞர் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அவர் சொல்வதை ஏன் ஏற்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்பதே மதிப்பெண் பெறும்.

கலைப் பகுதிகளில் இதே வேலையைச் சிலைகளையும் குவளை ஓவியங்களையும் கட்டடங்களையும் வைத்துச் செய்ய வேண்டும். ஆக இது மனப்பாடப் பாடமன்று. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் திறனே இதன் அடிப்படை.

நேரக் கணக்கு

ஒரு ஏ லெவல் பாடத்துக்குக் கணக்கிடப்படும் கற்பித்தல் நேரம் 360 மணி. ஜிசிஎஸ்இ பாடத்துக்கு 120 முதல் 140 மணி.

ஏ லெவலின் இரண்டு கல்வியாண்டுகளில், இரண்டாம் ஆண்டு தேர்வுக்கு முன் முடிந்துவிடுவதால், ஏறத்தாழ 70 கற்பித்தல் வாரங்கள் கிடைக்கும். 360ஐ 70ஆல் வகுத்தால் வாரத்துக்கு 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. இது வகுப்பறை நேரம் மட்டுமே. நூல்களை வாசிக்கவும் கட்டுரை எழுதவும் இன்னும் சில மணி நேரம் வேண்டும். ஒடிசி 24 காண்டங்களில் சுமார் 12,000 அடிகள் கொண்டது. ஈனிட் 12 காண்டங்கள், 10,000 அடிகளுக்குச் சற்றுக் குறைவு. தேர்வுக்குக் குறிக்கப்பட்ட பகுதிகளை இரண்டு மூன்று முறையாவது வாசித்தால்தான் சான்று நினைவில் நிற்கும்.

எனவே நான்காவது ஏ லெவலாக இதை எடுப்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு வாரந்தோறும் 8 முதல் 10 மணி நேரத்தைத் தனியே ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வேதியியல் வீட்டுப்பாட நேரத்திலிருந்து வருமானால், அது கூடுதல் பாடம் அன்று. வேதியியலுக்குப் போட்ட வெட்டு.

ஜிசிஎஸ்இ நிலையில் சுமை குறைவு. 14 முதல் 16 வயதுக்குள் ஒரு பாடம் கூடுதலாக எடுப்பது பல மாணவர்களுக்கு இயலும். பன்னிரண்டாம் ஆண்டில் ஏ லெவல் பாடங்களோடு சேர்த்து ஜிசிஎஸ்இ நிலையில் இதை மட்டும் ஓராண்டில் முடிப்பவர்களும் உண்டு.

பல்கலைக்கழக நுழைவும் மதிப்பெண்ணும்

கூடுதல் பாடம் பற்றிக் குடும்பங்களில் நிலவும் பெரிய தவறான எண்ணம், பாடம் கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்பதாகும். இதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

யூகாஸ் புள்ளி முறையில் ஏ லெவலில் ஏ ஸ்டார் தரத்துக்கு 56, ஏ தரத்துக்கு 48, பி தரத்துக்கு 40, சி தரத்துக்கு 32, டி தரத்துக்கு 24, ஈ தரத்துக்கு 16 புள்ளிகள். மூன்று பாடங்களிலும் ஏ பெற்றவருக்கு 144 புள்ளிகள். நான்கு பாடங்கள் எடுத்து இரண்டில் ஏ, இரண்டில் பி பெற்றவருக்கு 176 புள்ளிகள். எண்ணில் இரண்டாமவரே முந்துகிறார்.

ஆனால் போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் பல, புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. மூன்று பாடங்களில் குறிப்பிட்ட தரங்களைக் கேட்கின்றன. 'மூன்று ஏ' என்று இடம் தரப்பட்டிருந்தால் 144 புள்ளிக்காரர் உள்ளே போவார். 176 புள்ளிக்காரருக்கு அந்த நிபந்தனை நிறைவேறாது. நான்காவது பாடம் அவருக்கு ஓர் இடத்தையே இழக்கச் செய்திருக்கலாம். மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அங்கே கேட்கப்படும் அறிவியல் பாடங்களின் தரம் குறைந்தால் செவ்வியல் நாகரிகத்தில் எடுத்த ஏ அதை ஈடு செய்யாது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2010இல் அறிமுகமான 'இங்கிலிஷ் பக்கலாரியட்' என்னும் பள்ளி அளவீட்டில் லத்தீனும் கிரேக்கமும் மொழிப் பாடங்களாக எண்ணப்பட்டன. பண்டைய வரலாறும் வரலாற்றுப் பாடமாக எண்ணப்பட்டது. செவ்வியல் நாகரிகம் எதிலும் எண்ணப்படவில்லை. ஒரு பள்ளி இப்பாடத்தைத் தொடங்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக அமைந்தது. இந்த அளவீடு பள்ளியை அளப்பதற்காக ஏற்பட்டது. மாணவரின் சான்றிதழ் மதிப்பை அது குறைப்பதில்லை. ஏ லெவல் செவ்வியல் நாகரிகம் மற்ற ஏ லெவல்களுக்குச் சமமான முழுத் தகுதியே.

அப்படியானால் பயன் எங்கே? மூன்று இடங்களில் உண்டு.

முதலாவது, மூன்று பாடங்களில் ஒன்றாகவே இதை எடுத்தால் முழுப் பயனும் கிடைக்கும். வரலாறு, ஆங்கில இலக்கியம், சட்டம், தத்துவம், அரசியல், தொல்லியல் போன்ற துறைகளை நோக்கிச் செல்பவருக்கு இது பொருத்தமான துணைப் பாடம்.

இரண்டாவது, செவ்வியல் துறையையே பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புபவருக்கு இது ஒரு சோதனைக் களம். பள்ளியில் லத்தீன் கிடைக்காதவரும் இத்துறைக்குப் போகலாம். கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்காமல் வருபவர்களுக்கென 4 ஆண்டுப் படிப்பு உள்ளது. மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கிறார்கள். பண்டைய மொழியே கட்டாயமில்லாத பட்டப்படிப்புகளும் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன.

மூன்றாவது, அறிவியல், கணிதம் மட்டுமே எடுத்த மாணவருக்கு நீண்ட கட்டுரை எழுதும் பயிற்சி பள்ளியில் கிடைப்பது அரிது. அதை இப்பாடம் தரும். ஆனால் இதற்கு முழு ஏ லெவல்தான் வேண்டும் என்பதில்லை. கீழே கூறப்படும் சிறிய வழிகளும் போதும்.

பள்ளியில் பாடம் இல்லாவிட்டால்

செய்முறை மதிப்பெண் இல்லாததால் இப்பாடத்தைத் தனித்தேர்வராக எழுதுவது எளிது. ஆய்வகம் தேவையில்லை, ஆசிரியர் கையொப்பமிட வேண்டிய ஒப்படைப்பும் இல்லை. ஆயினும் கீழ்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. தேர்வு மையம்: தேர்வு வாரியத்தில் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. தனித்தேர்வரை ஏற்கும் மையம் ஒன்றின் வழியாகவே பதிய வேண்டும். முதலில் சொந்தப் பள்ளியைக் கேட்க வேண்டும். தான் கற்பிக்காத பாடத்தையும் தன் மாணவருக்காகப் பதிந்து, தேர்வு அறையில் இடமளிக்க ஒரு பள்ளிக்கு இயலும். பள்ளி மறுத்தால் தனித்தேர்வர்களை ஏற்கும் மையங்களைத் தேட ஜேசிக்யூ என்னும் தேர்வு வாரியங்களின் கூட்டு அமைப்பின் இணையதளம் உதவும்.

2. கடைசி நாள்: கோடைத் தேர்வுக்கான பதிவு வழக்கமாகப் பிப்ரவரி 21இல் முடிகிறது. மையங்கள் தங்கள் கடைசி நாளை இதற்கு முன்னரே வைத்துவிடும். அதன்பின் பதிந்தால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும்.

3. கட்டணம்: வாரியத்தின் தேர்வுக் கட்டணம் வேறு, மையம் வாங்கும் கட்டணம் வேறு. இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

4. தேர்வு நேர மோதல்: ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரு தாள்கள் வந்தால், இரண்டும் ஒரே பள்ளியில் என்றால் பள்ளியே கண்காணிப்புடன் நேரத்தை மாற்றி அமைக்கும். ஒரு தாள் வேறு மையத்தில் என்றால் இது பெரிய சிக்கலாகும். ஆகவே பதியும் முன் கால அட்டவணையை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

5. தெரிவுப் பகுதிகள்: இரண்டாம், மூன்றாம் தாள்களில் எந்தப் பகுதி என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். தனியே படிப்பவர் தமக்கு நூல்கள் எளிதில் கிடைக்கும் பகுதியைத் தேர்வது நல்லது.

6. திருத்துநர்: தனியே படிப்பவருக்கு ஏற்படும் மிகப் பெரிய குறை இது. நூலை வாசிக்க ஆசிரியர் தேவையில்லை. கட்டுரையைத் திருத்த ஆள் வேண்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியரோ வரலாற்று ஆசிரியரோ மாதம் இரண்டு கட்டுரைகளைப் பார்த்துத் தர இசைந்தால் பாதி வேலை முடிந்தது. வாரியம் வெளியிடும் பழைய வினாத்தாள்களும் மதிப்பெண் வழிகாட்டிகளும் மீதிப் பாதிக்கு உதவும். இவ்வாறு யாரும் கிடைக்காவிட்டால் ஏ லெவல் நிலையில் தனியே எழுதுவதைத் தவிர்ப்பதே நல்லது.

சிறிய வழிகள்

ஆர்வம் உண்டு, நேரம் இல்லை என்பவர்களுக்கு முழு ஏ லெவலுக்குப் பதிலாக வேறு வழிகள் உள்ளன.

ஒன்று, மேலே சொன்ன ஜிசிஎஸ்இ. மற்றொன்று, இபிக்யூ எனப்படும் தனி ஆய்வுத் திட்டம். மாணவர் தாமே ஒரு தலைப்பைத் தேர்ந்து ஆராய்ந்து, வழக்கமாக 5,000 சொல் அளவில் ஆய்வுக் கட்டுரை எழுதி, அதைப் பற்றி உரையாற்ற வேண்டும். இது அரை ஏ லெவலுக்குச் சமம். ஏ ஸ்டார் பெற்றால் 28 யூகாஸ் புள்ளிகள். சில பல்கலைக்கழகங்கள் இதில் நல்ல தரம் பெற்றவர்களுக்கு நுழைவுத் தரத்தைச் சற்றுக் குறைத்துத் தருகின்றன. நான்காவது ஏ லெவலுக்கு இத்தகைய சலுகை பெரும்பாலும் இல்லை.

தேர்வே வேண்டாம், அறிவு போதும் என்பவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 'ஓபன்லேர்ன்' தளத்தில் லத்தீன், கிரேக்க அறிமுகப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'பெர்சியஸ்' மின்நூலகத்தில் மூலநூல்களும் மொழிபெயர்ப்புகளும் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினன் சிற்பங்களையும் கிரேக்கக் குவளைகளையும் கட்டணமின்றிக் காணலாம். கிரேக்கக் கலையைப் பாடமாக எடுத்தவருக்கு அங்கே செலவிடும் ஒரு நாள் பல பாடவேளைகளுக்குச் சமம்.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணிதமும் அறிவியலுமே பாடம் என்ற எண்ணம் வலுவாக உள்ளது. கலைப் பாடம் ஒன்றைப் பிள்ளை கேட்டால், மூன்று அறிவியல் பாடங்களையும் வைத்துக்கொண்டு அதை நான்காவதாக எடு என்று பெற்றோர் சமரசம் செய்வதுண்டு. கேட்க நல்ல தீர்வாகத் தெரியும் இது, மேலே காட்டிய கணக்கின்படி பிள்ளையின் எல்லாத் தரங்களையும் சேர்த்துக் கீழே இழுக்கக் கூடும். பிள்ளை உண்மையில் எந்தத் துறைக்குப் போக விரும்புகிறது என்ற பேச்சை நான்காவது பாடம் தள்ளிப்போடுகிறதே தவிர முடித்துவைப்பதில்லை. சட்டமோ வரலாறோ விரும்பும் பிள்ளைக்கு இதை மூன்றில் ஒன்றாக விட்டுக்கொடுப்பதே நேர்மையான வழி.

தமிழ் இலக்கியம் ஓரளவு அறிந்த மாணவருக்கு இப்பாடத்தில் ஒரு சாதகம் உண்டு. அகம், புறம் எனப் பிரித்துப் பார்க்கும் மரபும், வீரனின் புகழ் பற்றிய புறப்பாடல்களின் கருத்தும், கண்ணகியின் நீதிக்கோரிக்கையும் மனத்தில் இருந்தால் ஹோமரின் வீரர்களும் சோஃபக்ளீஸின் மன்னனும் அந்நியமாகத் தோன்றமாட்டார்கள். ஆனால் தேர்வுத் தாளில் ஒப்பீடு கேட்கப்படாத இடத்தில் ஒப்பிடக் கூடாது. அது மதிப்பெண் தராது.

ஒப்பீட்டுக்கு உகந்த இடம் இபிக்யூ. சங்கப் பாடல்கள் குறிப்பிடும் யவனர் வணிகம் அதற்கு நல்ல தலைப்பு. கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரியக் கடற்செலவு' என்னும் கிரேக்கக் கையேடு, முசிறியுடனான வணிகக் கடன் பற்றி வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஆவணம், தமிழகத்தில் கிடைத்த உரோமானிய நாணயங்கள், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு ஆகியவை இரு பக்கச் சான்றுகளையும் ஒன்றாக வைத்து ஆராய இடம் தருகின்றன. இரு மொழிச் சான்றுகளையும் கையாளக் கூடிய மாணவர்கள் இத்துறையில் மிகச் சிலரே. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு வாய்ப்பு.

முடிவெடுக்கும் முன்

கூடுதலாக எடுக்கலாமா என்பதற்குக் கீழ்க்காணும் கேள்விகளை மாணவரே எழுதி விடை காண்பது பயன் தரும்.

- விரும்பும் பல்கலைக்கழகப் படிப்பு எத்தனை பாடங்களைக் கேட்கிறது? அவற்றில் தேவையான தரம் இப்போதே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா?
- வாரம் 8 மணி நேரம் எங்கிருந்து வரும்?
- கட்டுரையைத் திருத்தித் தர யார் இருக்கிறார்கள்?
- ஒடிசியின் முதல் நான்கு காண்டங்களை யாரும் சொல்லாமல் வாசித்து முடித்தாயா? வாசித்தபின் ஐந்தாவதைத் திறக்கத் தோன்றியதா?
- பாடத்தைக் கைவிட வேண்டுமென்றால் எப்போது, யாரிடம் சொல்வது?

கடைசிக் கேள்வி முக்கியமானது. நான்காவது பாடத்தைத் தொடங்குபவர், பன்னிரண்டாம் ஆண்டு முடியும்போது ஒரு முறை நின்று பார்ப்பது நல்லது. பள்ளி உள்தேர்வில் மற்ற மூன்றில் எதிலேனும் தரம் இறங்கியிருந்தால் அப்போதே விட்டுவிடலாம். அடுத்த இலையுதிர் காலத்தில் யூகாஸ் விண்ணப்பம் எழுத வேண்டும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். விண்ணப்பத்தில் எழுதப்போகும் தேர்வாகக் குறிப்பிட்ட பின் அதைக் கைவிட்டால் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்க வேண்டிவரும். அதற்கு முன் விட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஓராண்டு படித்த ஒடிசியும் வீணாகாது.

மேற்கண்ட கேள்விகளில் நான்காவதற்கு மட்டும் 'ஆம்' என்று விடை வந்தால், இபிக்யூவோ ஜிசிஎஸ்இயோ எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் தெளிவான விடை இருந்தால் ஏ லெவலாகவே எடுக்கலாம். நான்காவதற்கு 'இல்லை' என்று வந்தால், மற்ற விடைகள் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் வேறு பாடம் பார்ப்பது நல்லது. வாசிக்க விருப்பமில்லாதவருக்கு இப்பாடம் இரண்டு ஆண்டுச் சுமை.